கொழுந்துப் பணம், சம்பளப் பணம்: முதலீட்டை எங்கிருந்து தொடங்குவது?

கொழுந்துக்காரி (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி எங்கள் ஊர். வயது 27. டவுனில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு பார்க்கிறேன், கைக்கு வருவது 18,500. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்துப் பணம் அப்பா கணக்கில் வரும், வீட்டுச் செலவு அதில் ஓடும். என் சம்பளத்தில் மாதம் மூவாயிரம் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதுவரை என் பேரில் இருப்பது ஒரு சேமிப்புக் கணக்கும் அம்மா சேர்த்துவிட்ட ஒரு ஏலச்சீட்டும்தான். மியூச்சுவல் ஃபண்டு, எஸ்ஐபி, டீமேட், பிபிஎஃப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் தலை சுற்றுகிறது. போதாததற்குக் கடைக்கு வரும் ஒருவர் என்னை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார். அங்கே தினமும் "இன்று மட்டும் 4 சதவீத லாபம்" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள்.

மூவாயிரத்தை எதில் போட்டுத் தொடங்குவது? எந்த ஃபண்டு நல்லது?

---

மலையிறங்கியவன் (பெங்களூரு, சொந்த ஊர் கோத்தகிரி)

நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு, அதாவது நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டு. டைரக்ட் பிளான் (கமிஷன் இல்லாதது), க்ரோத் ஆப்ஷன் (லாபம் ஃபண்டுக்குள்ளேயே சேர்வது). மூவாயிரத்துக்கும் எஸ்ஐபி (மாதா மாதம் வங்கியிலிருந்து தானாகப் போகும் தவணை) போட்டுவிட்டு இருபது வருடம் திரும்பிப் பார்க்காதீர்கள். முடிந்தது.

அந்த டெலிகிராம் குழுவிலிருந்து இப்போதே வெளியே வாருங்கள். இந்தப் பதிவைப் படித்து முடிப்பதற்கு முன்னால்.

---

மஞ்சூர்_மூடுபனி

பங்குச்சந்தை எல்லாம் நமக்கு எதற்கு தங்கச்சி? மாதம் முடிந்த அளவு கொஞ்சம் தங்கமாக வாங்கி வை. இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்து அஞ்சு சென்ட் இடம். கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். ராத்திரி தூக்கம் வரும்.

---

ஓய்வுபெற்ற_தபால் (குன்னூர்)

இருவரும் மருந்துச் சீட்டு எழுதிவிட்டார்கள், நோயாளியை யாரும் பார்க்கவில்லை!

அம்மா, எந்த ஃபண்டு என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் சிலவற்றைச் சொல்லுங்கள். வீட்டில் கடன் இருக்கிறதா, என்ன வட்டி? நாளைக்கே அப்பாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தால் பணம் எங்கிருந்து வரும்? உங்கள் மூவாயிரம் உண்மையிலேயே மாதா மாதம் மிச்சமாகுமா, இல்லை கொழுந்து நன்றாக இருக்கும் மாதங்களில் மட்டுமா? பனி விழுந்து கொழுந்து குறையும் ஜனவரி, பிப்ரவரியில் வீட்டுச் செலவு யார் தலையில் விழுகிறது?

தபால் நிலையக் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆர்.டி. (மாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்கி பாதியில் விட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வட்டி விகிதத்தில் குறை எதுவும் இல்லை. அந்த ஐந்நூறு ரூபாய் எல்லா மாதமும் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டதுதான் தப்பு.

---

கொழுந்துக்காரி

ஐயா, கேட்டதால் சொல்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு அம்மா நகையை ஒரு தனியார் அடகுக்கடையில் வைத்தோம். அசல் 80,000 இன்னும் நிற்கிறது, வருடத்துக்கு 18 சதவீதம். வட்டி மட்டும் கட்டி வருகிறோம். கூட்டுறவு சங்கத்தில் அப்பா பேரில் பயிர்க்கடன் இருக்கிறது, அது தவணை தவறாமல் போகிறது.

பனிக்காலத்தில் வீட்டுச் செலவு என் சம்பளத்தில்தான் ஓடும். நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன், அந்த மாதங்களில் மூவாயிரம் மிஞ்சாது. ஆஸ்பத்திரி செலவு என்றால் சீட்டை ஏலம் எடுக்க வேண்டியதுதான்.

---

ஓய்வுபெற்ற_தபால்

அப்படியானால் உங்கள் முதல் முதலீடு அந்த அடகுக்கடைதான்.

80,000க்கு 18 சதவீதம் என்றால் வருடத்துக்கு 14,400, மாதம் 1,200. நீங்கள் மூவாயிரத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடும் அதே மாதம் வீட்டிலிருந்து 1,200 வெளியே போகிறது. எந்த ஃபண்டும் 18 சதவீதம் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்காது. இந்தக் கடனை அடைத்தால் அந்த 18 சதவீதம் உறுதியாகக் கிடைக்கிறது, வரியும் இல்லை.

முடிந்தால் நகையை அங்கிருந்து மீட்டுக் கூட்டுறவு வங்கியிலோ தேசிய வங்கியிலோ மறு அடகு வையுங்கள். வட்டி பெரும்பாலும் நன்றாகவே குறையும். சீட்டுப் பணம் கைக்கு வரும்போது அதில் அசலைக் குறையுங்கள். பயிர்க்கடனை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். கிசான் கடன் அட்டையில் மூன்று லட்சம் வரை வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் மானியம் போக 4. கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் அதற்கும் குறைவு. அந்தக் கடன் அப்படியே இருக்கட்டும்.

---

மலையிறங்கியவன்

கடன் இருப்பது தெரியாது, தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஐயா சொல்வது சரி. ஆனாலும் ஐந்நூறு ரூபாய்க்காவது ஒரு எஸ்ஐபி இப்போதே போட்டு வைக்கலாம் என்பது என் கட்சி. லாபத்துக்காகச் சொல்லவில்லை. சந்தை ஏறி இறங்குவதைச் சொந்தப் பணம் கொஞ்சம் உள்ளே இருக்கும்போது பார்த்தால்தான் நம் மனசு எப்படிப்பட்டது என்று நமக்கே தெரியும்.

---

மஞ்சூர்_மூடுபனி

பார்த்தீர்களா, ஆபத்துக்கு உதவியது அந்த வீட்டிலும் தங்கம்தான். பங்குப் பத்திரத்தை எந்த அடகுக்கடை வாங்கும்?

---

மலையிறங்கியவன்

மஞ்சூர் அண்ணா, பங்கையும் ஃபண்டு யூனிட்டையும் ஈடாக வைத்து வங்கிகள் கடன் தருகின்றன, அது இருக்கட்டும். நகையாக வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி, செய்கூலி, சேதாரம். விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பாது. போட்டுக்கொள்வதற்கு நகை வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். முதலீட்டுக்குத் தங்கம் வேண்டும் என்றால் கோல்டு ஈடிஎஃப் (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்டு) இருக்கிறது. அரசின் தங்கப் பத்திரம் நல்ல திட்டம், 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடு வரவில்லை.

அஞ்சு சென்ட் விஷயத்துக்கு வருகிறேன். நீலகிரியில் நிலம் வாங்குவதும் கீழே வாங்குவதும் ஒன்றல்ல. வீடு கட்ட அனுமதி, ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) ஒப்புதல், சரிவு, யானை வழித்தடம், வனத்தை ஒட்டிய பட்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனையைத் தவணையில் வாங்கி வைத்துக்கொண்டு விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நிற்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மாதம் மூவாயிரம் மிச்சம் பிடிப்பவருக்குச் சொல்கிற யோசனையா இது?

---

மஞ்சூர்_மூடுபனி

நீ பெங்களூரில் ஃபிளாட் வாங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேனே தம்பி.

---

மலையிறங்கியவன்

அண்ணா, அது குடியிருக்க :)

---

கேத்தி_கேரட்

நல்ல இழை. சம்பளக்காரர்களுக்கு எஸ்ஐபி சரிதான். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? நாங்கள் கேரட், பீட்ரூட். விதைத்த நாளிலிருந்து மூன்று, மூன்றரை மாதம் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அறுவடை முடிந்து, கேரட்டைக் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு இறக்கினால் ஒரே வாரத்தில் மொத்தப் பணமும் வரும். அதுவும் அன்றைக்கு விலை என்னவோ அதுதான். ஒரு போகம் நன்றாக அமைந்தால் கையில் லட்சங்கள் இருக்கும், அடுத்த போகம் லோடு வாடகைக்கே கட்டாது.

வங்கியில் ஒரு எஸ்ஐபி போட்டுவிட்டார்கள். பணம் இல்லாத மாதங்களில் மேண்டேட் (தவணையைக் கணக்கில் தானாகப் பிடிக்க வங்கிக்குக் கொடுத்த உத்தரவு) திரும்பியது, ஒவ்வொரு தடவையும் வங்கி அபராதம் பிடித்தது. ஃபண்டு ஏறியதைவிட அபராதம் அதிகம். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

---

குன்னூர்_ஃபண்டுக்காரர் (மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். ஏஆர்என் என்கிற விநியோகஸ்தர் பதிவு எண் வைத்திருப்பவன், கமிஷன் வாங்குபவன். அதை மனதில் வைத்தே படியுங்கள்.

கேத்தி அண்ணா, உங்களுக்கு எஸ்ஐபி போட்டுக் கொடுத்தவர் உங்கள் தொழில் என்னவென்றே கேட்கவில்லை போலிருக்கிறது. மாதாந்திர எஸ்ஐபி என்பது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி சம்பளம் வாங்குகிறவரை மனதில் வைத்து வந்த பழக்கம். ஃபண்டு வாங்க அது ஒன்றுதான் வழி என்று எங்கேயும் சட்டம் இல்லை. தொடர்ந்து மூன்று மாதம் தவணை திரும்பினால் எஸ்ஐபி தானாக ரத்தாகிவிடும். ஏற்கெனவே போட்ட பணம் அப்படியே உள்ளே இருக்கும், அது எங்கும் போகாது. நிறையப் பேர் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மொத்தமாகப் பணம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. லோடு பணம் வந்ததும் முதலில் அடுத்த போகத்துக்கான விதை, உரம், கூலியைத் தனியே எடுத்துவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு. மிச்சத்தில் நீண்ட காலத்துக்கு என்று முடிவு செய்ததை ஒரு லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் வைக்கும் ஃபண்டு) மொத்தமாகப் போடுங்கள். அங்கிருந்து மாதா மாதம் ஒரு தொகை அதே நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாறும்படி எஸ்டிபி எழுதிக் கொடுக்கலாம். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போவதில்லை, லிக்விட் ஃபண்டிலிருந்துதான் போகிறது. மேண்டேட் திரும்பும் பேச்சே இல்லை. லிக்விட் ஃபண்டு யூனிட்டைப் போட்ட முதல் ஏழு நாளுக்குள் எடுத்தால் சின்னதாக எக்ஸிட் லோடு (வெளியேறும் கட்டணம்) உண்டு, அதற்கப்புறம் கிடையாது. பணம் வேண்டும் என்றால் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் வங்கிக்கு வந்துவிடும்.

---

கேத்தி_கேரட்

இதை இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லவில்லையே சார். அப்படியானால் விலை கிடைக்காத போகத்தில் ஒன்றும் போடாமல் விட்டாலும் பரவாயில்லையா?

---

குன்னூர்_ஃபண்டுக்காரர்

தாராளமாக விடலாம். அபராதம் கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள்.

---

மலையிறங்கியவன்

ஒரு சின்னத் திருத்தம். எஸ்டிபியில் ஒவ்வொரு மாற்றமும் வரிக் கணக்கில் விற்பனைதான். லிக்விட் ஃபண்டில் வந்த லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேரும். விவசாயிக்கு வேறு வருமானம் அதிகம் இல்லையென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஃபண்டுக்காரர் ரெகுலர் பிளான்தான் விற்பார். டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அதே ஃபண்டு, அதே பங்குகள், கமிஷன் மட்டும் இல்லை. கணக்குக்காகச் சொல்கிறேன்: மாதம் 3,000 வீதம் இருபது வருடம் போட்டால் கையிலிருந்து போவது 7.2 லட்சம். வருடத்துக்கு 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 26.2 லட்சம். செலவில் ஒரு சதவீதம் கழிந்து 10 ஆனால் சுமார் 23 லட்சம். நடுவில் போவது மூன்று லட்சத்துக்கும் மேல். இந்த 10, 11 எல்லாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது, யாரும் தருகிறேன் என்று சொன்னதில்லை.

---

குன்னூர்_ஃபண்டுக்காரர்

கணக்கை மறுக்கவில்லை. இண்டெக்ஸ் ஃபண்டில் டைரக்டுக்கும் ரெகுலருக்கும் இடைவெளி ஒரு சதவீதம் வருவது அபூர்வம், பெரும்பாலும் அதற்கு நல்ல அளவு கீழே. ஒரு சதவீதம் என்பது மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுத்து நிர்வகிக்கும் ஈக்விட்டி ஃபண்டுகளின் கதை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி.

இன்னொன்று. 2020 ஜனவரியில் நிஃப்டி 12,300-ஐத் தாண்டியிருந்தது. மார்ச் 23 அன்று முடிந்தது 7,610 பக்கம். ஊரடங்கு அறிவித்த வாரம். அன்றைக்கு எனக்கு வந்த போன்களில் பாதி "எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள்" என்பதுதான். பேசிப் பேசி நிறுத்தி வைத்தேன். அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது. தனியாக உட்கார்ந்து செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் விற்றார்கள் என்பது யாருக்கும் தெரியாது. என் கமிஷன் அந்தப் பேச்சுக்குத்தான்.

---

ஓய்வுபெற்ற_தபால்

எட்டு மாதத்தில் மீண்ட 2020-ஐயே எல்லோரும் உதாரணம் சொல்கிறீர்கள். 2008-ஐயும் சொல்லுங்கள். ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது, அக்டோபரில் 9,000-க்குக் கீழே. 2010 நவம்பரில் பழைய இடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கியது. அந்த உயரத்தில் காலூன்ற 2013 கடைசி வரை ஆனது. ஏறக்குறைய ஆறு வருடம். மூன்று வருடத்தில் கல்யாணம் என்று இருக்கிறவர் அந்தப் பணத்தைச் சந்தையில் போடக் கூடாது என்று நாங்கள் சொல்வது பயந்து சொல்வதில்லை.

---

கூடலூர்_டீச்சர்

இவ்வளவு நேரம் ஆண்கள் ஃபண்டு பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் பனிக்காலத்தில் வீடு ஓடுகிறது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

தங்கச்சி, உன் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே பிரதமரின் இரண்டு காப்பீடுகளுக்கும் கையெழுத்துப் போட்டுவிடு. ஆயுள் காப்பீடு வருடத்துக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீடு 20 ரூபாய். இரண்டுமே இரண்டு லட்சம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஒரு நாள் டவுன் போய் வரும் செலவு. அப்பாவுக்கு 50 வயது தாண்டவில்லை என்றால் அவரையும் ஆயுள் காப்பீட்டில் சேர்க்கலாம். விபத்துக் காப்பீட்டில் 70 வரை இருக்கலாம்.

மருத்துவத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பார். குடும்பத்தின் வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. உன் சம்பளத்தைச் சேர்த்தால் தாண்டிவிடும். அப்படியானால் சொந்தமாக ஒரு குடும்ப மருத்துவ பாலிசி. இதை எடுத்துவிட்டு அப்புறம் எஸ்ஐபி பேசலாம். ஒரு தடவை ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கினால் எத்தனை வருடச் சேமிப்பு போகும் என்று நம் மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"காப்பீடும் முதலீடும் ஒன்றாக" என்று யாராவது பாலிசியோடு வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடு.

---

கொழுந்துக்காரி

அக்கா, அப்பாவுக்கு 54. எனக்கு இரண்டும், அப்பாவுக்கு விபத்துக் காப்பீடும் இந்த வாரமே போடுகிறேன்.

சீட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? அது நல்லதா கெட்டதா? அக்கா மகளுக்கு நாலு வயது, அவள் பேரில் செல்வமகள் கணக்கு நான் தொடங்கலாமா?

---

ஓய்வுபெற்ற_தபால்

செல்வமகள் கணக்கைப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர்தான் தொடங்க முடியும். சித்தி தொடங்க முடியாது. அக்கா தொடங்கட்டும், நீங்கள் மாதம் ஏதாவது கொடுங்கள். குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் தொடங்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து வருடம் கட்டினால் போதும், கணக்குத் தொடங்கியதிலிருந்து 21 வருடத்தில் முதிர்ச்சி. வட்டி 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம். அரசு ஒவ்வொரு காலாண்டும் பார்த்து அறிவிக்கும், மாறக்கூடும்.

சீட்டைப் பற்றி: பதிவு செய்த சீட்டா என்று முதலில் பாருங்கள். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவாளரின் அனுமதி வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஊரில் தெரிந்த ஒருவர் நோட்டில் எழுதி நடத்துகிற சீட்டு என்றால் உங்கள் பாதுகாப்பு அவருடைய நாணயம் மட்டும்தான். பாதிப் பேர் முதலிலேயே எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் கடைசி வரை காத்திருந்தவர் கதி என்ன? ஆனாலும் சீட்டை நான் முழுக்கத் திட்ட மாட்டேன். மாதா மாதம் கட்ட வைக்கிறது, அவசரத்துக்குப் பெரிய தொகை தருகிறது, வங்கி கேட்கிற காகிதம் எதுவும் கேட்பதில்லை. நம் வீடுகளில் எத்தனையோ காலேஜ் ஃபீஸ் சீட்டுப் பணத்தில்தான் கட்டினார்கள். இருக்கிறதை முடியுங்கள். புதிதாகச் சேர்வதற்கு முன் யோசியுங்கள்.

---

கொழுந்துக்காரி

நோட்டில் எழுதுகிற சீட்டுதான் ஐயா. நடத்துகிற அக்கா தங்கமானவர், ஆனால் நீங்கள் சொன்ன பிறகு...

டெலிகிராம் குழுவில் இன்று "பிரீமியம் செயலி" என்று ஒரு லிங்க் கொடுத்தார்கள். ஐயாயிரம் போட்டால் நாளைக்கு ஆறாயிரமாம். எடுக்கவும் விடுகிறார்களாம். கடைக்கு வருகிறவர் எடுத்தும் காட்டினார்.

---

மலையிறங்கியவன்

முதலில் சின்னத் தொகையை எடுக்க விடுவார்கள், அதுதான் தூண்டில். பெரிதாகப் போட்ட பிறகு எடுக்கப் போனால் "வரி கட்டு, அப்புறம் எடு" என்பார்கள். திரையில் தெரியும் லாபம் யாரோ தட்டச்சு செய்த எண். அந்தச் செயலி எந்தப் பங்குச்சந்தையோடும் இணைந்ததே இல்லை. கடைக்கு வருகிறவரிடமும் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

ஆலோசனை சொல்கிறவர் யாராக இருந்தாலும் செபி (பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள், அதைச் செபி தளத்தில் போட்டுப் பாருங்கள். புரோக்கர்களும் ஃபண்டு நிறுவனங்களும் பணம் வாங்கும் யூபிஐ முகவரியில் "வேலிட்" என்ற சொல் வரும்படி 2025 அக்டோபரில் ஒரு முறையையும் செபி கொண்டுவந்தது. யாரோ ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது.

மோசடி அல்லாத உண்மையான புரோக்கர் செயலியிலும் எஃப் அண்ட் ஓ (பங்கின் வருங்கால விலை மீது போடும் ஒப்பந்த வணிகம்) பக்கம் போகாதீர்கள். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வுப்படி மூன்று ஆண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

---

மஞ்சூர்_மூடுபனி

இதில் மட்டும் தம்பியோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். கீழே ஈமு கோழி வளர்ப்பு மோசடி ஓடினபோது நம் ஊரிலிருந்தும் போய்ப் பணம் கட்டினார்கள். 2012-ல் கோழியும் இல்லை, முதலாளியும் இல்லை.

ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நம்மிடம் தோட்டம் இருக்கிறது. மிச்சப் பணத்தைத் தோட்டத்திலேயே போட்டால் என்ன? கவாத்து பண்ணி, நல்ல நாற்று வைத்து, பக்கத்து அரை ஏக்கர் விலைக்கு வந்தால் வாங்கிப் போட்டு. தெரியாத ஐம்பது கம்பெனியைவிடத் தெரிந்த செடி மேல் அல்லவா?

---

ஓய்வுபெற்ற_தபால்

மஞ்சூராரே, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் நீளும்.

இந்தப் பெண்ணின் வீட்டை ஒரு முதலீட்டுப் பட்டியலாகப் பாருங்கள். ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீடு அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில், அதன் விலையும் தேயிலை நன்றாக இருக்கும்போதுதான் ஏறும். மருந்துக்கடை வேலைகூட, கொழுந்து விலை விழுந்தால் டவுனில் எல்லாக் கடையும் படுத்துவிடுகிறதே. சீட்டில் இருப்பவர்களும் தேயிலைக்காரர்கள்தான், விலை விழுந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் தவணை கட்டத் தவறுவார்கள். ஆக இந்தக் குடும்பம் ஏற்கெனவே முழுப் பணத்தையும் ஒரே ஒரு கம்பெனிப் பங்கில் போட்டிருக்கிறது. அந்தக் கம்பெனியின் பெயர் நீலகிரித் தேயிலை.

1998 வாக்கில் கொழுந்துக்கு விலை ஏறி நின்றபோது கேரட், உருளைக்கிழங்கு போட்ட நிலத்தையும் தேயிலையாக்கினவர்களை எனக்குத் தெரியும். "தேயிலை இருக்கப் பயமேன்" என்பார்கள். 2000-ல் விலை விழுந்து தெருவில் இறங்கிப் போராடினோம். பறிகூலிக்கே கட்டவில்லை என்று கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீடாகத் தபால் நிலையப் பாஸ்புக்கோடு வந்து நின்றதை நான் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆர்.டி.யோ, என்எஸ்சி (தேசிய சேமிப்புப் பத்திரம்) ஏதாவதோ, சின்னதாக ஏதோ ஒன்று மலைக்கு வெளியே இருந்தவர்கள் தோட்டத்தை விற்காமல் தப்பினார்கள்.

இன்றைக்கும் தேயிலை வாரியம் மாதா மாதம் அறிவிக்கிற விலை குன்னூர் ஏலத்தை ஒட்டித்தான் ஆடுகிறது. அதைத் தீர்மானிப்பது அஸ்ஸாமில் பெய்யும் மழை, கென்யாவில் விளைந்த தேயிலை, யார் எவ்வளவு இறக்குமதி செய்கிறார்கள் என்பதெல்லாம். செடியை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாலும் அவை நம் கையில் இல்லை.

தோட்டத்தைப் பராமரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கவாத்து செலவு தொழில் செலவு, அதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் மிச்சமாகும் பணம் தேயிலையோடு சேர்ந்து விழாத இடத்தில் இருக்கட்டும். தபால் நிலையமோ, வங்கியோ, ஐம்பது கம்பெனியோ, எதுவாக இருந்தாலும் சரி. மலைக்கு வெளியே.

---

மஞ்சூர்_மூடுபனி

2000 போராட்டத்தில் நானும் இருந்தேன். இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. சரி, தங்கமும் மலைக்கு வெளியேதானே :)

---

ஓய்வுபெற்ற_தபால்

வெளியேதான், ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், செய்கூலி இல்லாமல்.

---

கொழுந்துக்காரி

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "தேயிலை ஒரு கம்பெனி" என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அந்தக் கம்பெனிக்கு நான்தான் கூலி" என்றார்.

இப்போது யோசித்து வைத்திருப்பது இதுதான். நகையைக் கூட்டுறவு வங்கிக்கு மாற்றிவிட்டு, மூவாயிரத்தில் இரண்டாயிரம் அசலுக்கு. ஐந்நூறு தபால் நிலைய ஆர்.டி., அவசரத்துக்கு. ஐந்நூறு இண்டெக்ஸ் ஃபண்டு. பனிக்காலத்தில் ஃபண்டை நிறுத்தி வைக்கலாம், ஆர்.டி.யை நிறுத்தக் கூடாது. நகை மீண்டதும் அந்த இரண்டாயிரம் ஃபண்டுக்கு. சரியா?

---

ஓய்வுபெற்ற_தபால்

வரிசை சரி. ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்க விட மாட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் போட்டதில் பாதி வரை கடனாக எடுக்கலாம், அவ்வளவுதான். அவசரத்துக்கு என்றால் முதலில் சேமிப்புக் கணக்கிலோ வங்கியின் சின்ன எஃப்.டி.யிலோ இரண்டு மாதச் செலவு சேரட்டும். வங்கி எதுவானாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. ஆர்.டி.யை அதற்கப்புறம் தொடங்குங்கள். மாதம் ஆயிரம் கட்டினால் இப்போதைய 6.7 சதவீதத்தில் ஐந்து வருடத்தில் சுமார் 71 ஆயிரம் கிடைக்கும்.

---

குன்னூர்_ஃபண்டுக்காரர்

ஃபண்டுக்கு டைரக்டாகவே போங்கள் அம்மா, ஐந்நூறு ரூபாய்க்கு என்னிடம் வர வேண்டாம். எஸ்ஐபி தேதியைச் சம்பளம் வந்த இரண்டாம் நாளுக்கு வையுங்கள். நிறுத்தி வைக்க வேண்டும் என்றால் தவணைத் தேதிக்குப் பல நாள் முன்னாலேயே செயலியில் கொடுக்க வேண்டும், முந்தின நாள் கொடுத்தால் நடக்காது. நாமினி பெயரை முதல் நாளே போடுங்கள்.

---

கொழுந்துக்காரி

ஃபண்டுக்கான கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) போட்டேன், பெயர் பொருந்தாமல் நிற்கிறது. பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் மட்டும்தான்.

---

குன்னூர்_ஃபண்டுக்காரர்

தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதே கதைதான். ஆதாரில் பெயரைத் திருத்துவது சுலபம். இனிஷியலை விரித்து, பான் அட்டையில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்கள். பள்ளிச் சான்றிதழோ வேறு அடையாளச் சான்றோ கொண்டு போங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், அதனால் கவுண்டரில் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள். மொபைல் எண்ணும் இணைந்திருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். மாறி வந்ததும் கேஒய்சியை மறுபடி கொடுத்தால் போதும்.

---

கேத்தி_கேரட்

சார், எஸ்டிபிக்கும் இதே கேஒய்சிதானா? எனக்கும் ஆதாரில் இனிஷியல்தான்.

---

குன்னூர்_ஃபண்டுக்காரர்

அதேதான் அண்ணா. லோடு பணம் வருவதற்கு முன்னால் முடித்து வையுங்கள். வந்த பிறகு பணம் காத்திருக்காது.